லண்டனில் செக்யூரிட்டி வேலை: எந்த லைசென்ஸ் எடுப்பது?

பிரிட்டனுக்குப் படிக்க வந்து பகுதிநேர வேலை தேடுகிறவர்களும், கடையிலும் கிடங்கிலும் சலித்துப்போய் வேறு வேலைக்கு மாற நினைக்கிறவர்களும் செக்யூரிட்டி வேலையை விசாரிக்கும்போது முதலில் குழம்புவது லைசென்ஸ் விஷயத்தில்தான். செக்யூரிட்டி கார்ட், டோர் சூப்பர்வைசர் (பப், கிளப் வாசலில் நின்று ஆளை உள்ளே விடுபவர்), சிசிடிவி என்று மூன்று பெயர் காதில் விழும். "லைசென்ஸே வேண்டாம், நேராக வேலைக்கு வாங்க" என்று நாலாவதாக ஒருவர் சொல்வார். நான்கிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உடம்பில் பெரிய தடை எதுவும் இல்லாமல் புதிதாக இந்தத் துறைக்கு வருகிறவர் டோர் சூப்பர்வைசர் லைசென்ஸைத்தான் எடுக்க வேண்டும். பப் வாசலில் ஒரு நாளும் நிற்கமாட்டேன் என்று உறுதியாக இருப்பவருக்கும் இதையேதான் சொல்வேன்.

2001-இல் கொண்டுவந்த தனியார் பாதுகாப்புத் தொழில் சட்டத்தின் கீழ் எஸ்.ஐ.ஏ. (செக்யூரிட்டி இண்டஸ்ட்ரி அதாரிட்டி) என்ற அரசு அமைப்பு 2003-இல் தொடங்கியது. லைசென்ஸ் கொடுப்பது, பறிப்பது, சோதனைக்கு வருவது எல்லாம் அவர்கள்தான். நம் ஊரில் ஏஜென்சிக்கு லைசென்ஸ் இருந்தால் போதும், வாசலில் நிற்கும் காவலாளி தனியாக எடுக்க வேண்டியதில்லை. இங்கே லைசென்ஸ் ஆளின் பெயரில் இருக்கும். வேலை நேரத்தில் அந்த அட்டை வெளியே தெரிய வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் நின்று பிடிபட்டால் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. விசாவில் இருக்கும் ஒருவருக்கு இப்படி ஒரு தண்டனை என்னென்ன வாசல்களை அடைக்கும் என்று நினைத்துப் பாருங்கள். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் வேற ஒருத்தர் அட்டையைப் போட்டுக்கிட்டு நில்லு" என்று எந்த சூப்பர்வைசர் சொன்னாலும் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

லைசென்ஸைப் பேசுவதற்கு முன்னால் விசாவைப் பேசியாக வேண்டும், ஏனென்றால் பணம் பறிபோவது பெரும்பாலும் அங்கேதான். "லண்டனில் செக்யூரிட்டி வேலை, ஸ்பான்சர்ஷிப்போடு" என்று ஊரில் யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள். செக்யூரிட்டி கார்ட் வேலை, முதலாளி ஸ்பான்சர் செய்து கூப்பிடும் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்குத் தகுதியான வேலைகளில் இல்லை. அந்த விசாவில் இந்த வேலைக்காக யாரையும் கூப்பிட வழியில்லை. ஏற்கெனவே இங்கே வேலை செய்ய உரிமை உள்ளவர்கள்தான் லைசென்ஸ் எடுக்க முடியும். மாணவர் விசா, படிப்பு முடித்தபின் கிடைக்கும் கிராஜுவேட் விசா, வேலை செய்ய அனுமதிக்கும் துணைவர் விசா, அகதி நிலை, நிரந்தர வதிவிடம், குடியுரிமை என்று ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும்.

மாணவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். பட்டப்படிப்பு நிலை மாணவர் கல்லூரி நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். செக்யூரிட்டி ஷிஃப்ட் பெரும்பாலும் 12 மணி நேரம். இரண்டு ஷிஃப்ட் நின்றாலே 24 ஆகிவிடும், விசா நிபந்தனை மீறப்பட்டுவிடும். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை என்பதால் ஞாயிறு இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஷிஃப்ட்டில் ஐந்து மணி நேரம் இந்த வாரத்திலும் மீதி ஏழு மணி நேரம் அடுத்த வாரத்திலும் சேரும். இதைத் தனியாக ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கம்பெனி உங்களுக்காக எண்ணிக்கொண்டிருக்காது. அப்புறம், "செல்ஃப் எம்ப்ளாய்டாகப் பதிந்துகொள், கையில் கூடுதலாக வரும்" என்று சில கம்பெனிகள் சொல்லும். மாணவர் விசாவில் அதற்கு அனுமதி கிடையாது. விசாப் பிரச்சினை இல்லாதவர்களுக்கும் அது நஷ்டம்தான். விடுப்புச் சம்பளம், பென்ஷன், குறைந்தபட்சக் கூலிப் பாதுகாப்பு எல்லாம் போய்விடும்.

சரி, இனி லைசென்ஸ்கள்.

செக்யூரிட்டி கார்ட் லைசென்ஸ் வைத்திருப்பவர் அலுவலகக் கட்டடம், கிடங்கு, கட்டுமான இடம், மருத்துவமனை, கடை ஆகியவற்றைக் காவல் காக்கலாம். மது விற்கும் இடம் மக்களுக்குத் திறந்திருக்கும் நேரத்தில் அதன் வாசலில் நின்று யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே அனுப்புவது என்று பார்க்கும் வேலையை அவர் செய்ய முடியாது. அதற்கு டோர் சூப்பர்வைசர் லைசென்ஸ் வேண்டும். ஆனால் டோர் சூப்பர்வைசர் லைசென்ஸ் வைத்திருப்பவர் கார்ட் வேலை முழுவதையும் செய்யலாம். முழு முடிவும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது. இரண்டுக்கும் லைசென்ஸ் கட்டணம் ஒன்றே, மூன்று ஆண்டுதான் செல்லும். வித்தியாசம் பயிற்சியில் இருக்கிறது. டோர் சூப்பர்வைசர் பயிற்சி சில நாள் கூடுதல், செலவும் கொஞ்சம் கூடுதல்.

வேலை விளம்பரங்களைப் பாருங்கள். பல்பொருள் அங்காடி, துணிக்கடை, பல்கலைக்கழக வளாகம், மருத்துவமனை அவசரப் பிரிவு என்று மதுவுக்குச் சம்பந்தமே இல்லாத இடங்களுக்கும் 'டோர் சூப்பர்வைசர் லைசென்ஸ் உள்ளவர் தேவை' என்றுதான் போடுகிறார்கள். காரணம் எளிமையானது. கார்ட் பயிற்சியில் ஆளைக் கையால் பிடித்துக் கட்டுப்படுத்தக் கற்றுத் தருவதில்லை, டோர் சூப்பர்வைசர் பயிற்சியில் கற்றுத் தருகிறார்கள். கடைத் திருட்டு மலிந்துவிட்ட நேரத்தில் கடைக்காரரும் காப்பீட்டுக்காரரும் அந்தப் பயிற்சி உள்ளவரையே விரும்புகிறார்கள்.

அந்தப் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பலர் பயந்து ஒதுங்குவது அதனால்தான். பாயிரித்த அறையில் இரண்டு பேராக நிற்கவைப்பார்கள். ஒருவர் மற்றவரின் மணிக்கட்டைப் பிடிப்பார், பிடிபட்டவர் விடுவித்துக்கொண்டு பின்னால் நகர வேண்டும். அப்புறம் ஒருவரை இரண்டு பக்கமும் பிடித்து வலிக்காமல் நடத்திக்கொண்டு போவது, படிக்கட்டில் இறக்குவது, கீழே விழுந்தவரைச் சுவாசம் தடைபடாமல் எழுப்புவது. அடிதடிப் பயிற்சி என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள், ஏனென்றால் பாதி நேரம் எதைச் செய்யக் கூடாது என்பதில்தான் போகும். ஒருவரைக் குப்புறப் படுக்கவைத்து முதுகில் எடை போட்டால் மூச்சுத் திணறிச் செத்துப்போகலாம் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். செய்து காட்டுவதை வீடியோவில் பதிவு செய்து அதைப் பார்த்துத்தான் தேர்ச்சி போடுகிறார்கள். ஐந்தடி உயரம் உள்ளவர்களும் ஐம்பது வயதைத் தொட்டவர்களும் தேர்ச்சி பெறுகிறார்கள். முதுகுத்தண்டு, முழங்கால், தோள்பட்டை ஆகியவற்றில் உண்மையான கோளாறு உள்ளவர்கள் மட்டும் கார்ட் லைசென்ஸோடு நின்றுகொள்வது நல்லது. கர்ப்பிணிகள் பிரசவத்துக்குப் பிறகு இந்தப் பயிற்சியை எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு பயிற்சிக்கும் பொதுவான பகுதிகளும் உண்டு: சட்டம், தீ, பயங்கரவாத எச்சரிக்கை, பிறரைச் சோதனையிடும் முறை, வாக்கி-டாக்கியில் பேசுவது, சம்பவ அறிக்கை எழுதுவது. தேர்வு பெரும்பாலும் பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறைதான். ஊரில் ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு எழுத்துத் தேர்வு பாரமாக இருக்காது. இடறுவது பேச்சில். கோபமாக வருகிறவரிடம் குரலை உயர்த்தாமல், மிரட்டாமல், அதே சமயம் குழையாமல் ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் பேச வேண்டும். தமிழில் நினைத்து மொழிபெயர்த்துப் பேச அங்கே நேரம் இருக்காது. பயிற்சிக்குப் போகும் முன்பே இதை வாய்விட்டுப் பழகுங்கள்.

பயிற்சியில் சேர முதலுதவிச் சான்றிதழும் வேண்டும். ஒரு நாள் வகுப்புதான், பல மையங்கள் சேர்த்தே நடத்துகின்றன. சேரும் நாளிலிருந்து குறைந்தது 12 மாதம் அது செல்லுபடியாக வேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

இந்தப் பயிற்சியையெல்லாம் வெறும் சடங்கு என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2017 மே 22 அன்று மான்செஸ்டர் அரீனாவில் குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். முதுகுப் பையோடு உட்கார்ந்திருந்தவன் மேல் ஒருவருக்குச் சந்தேகம் வந்து அங்கிருந்த பாதுகாப்பு ஊழியரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். இளம் ஊழியர் ஒருவருக்கும் மனதில் உறுத்தல் இருந்திருக்கிறது. தவறாகப் போனால் இனவெறி பிடித்தவன் என்பார்களோ என்று பயந்து தயங்கியதாக அவர் விசாரணையில் சாட்சி சொன்னார். அந்தப் படுகொலையில் இறந்த மார்ட்டின் ஹெட் என்பவரின் தாய் பல ஆண்டு போராடியதன் பலனாக, மார்ட்டின் சட்டம் என்று மக்கள் சொல்லும் சட்டம் 2025 ஏப்ரலில் நிறைவேறியது. 200 பேரோ அதற்கு மேலோ கூடும் இடங்கள் தாக்குதலை எதிர்கொள்ளத் திட்டம் வைத்திருக்க வேண்டும், 800 பேரோ அதற்கு மேலோ என்றால் இன்னும் கடுமையான ஏற்பாடுகள் வேண்டும். முழுமையாக அமலுக்கு வரக் குறைந்தது இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கண்காணிக்கும் பொறுப்பும் எஸ்.ஐ.ஏ.வுக்குத்தான். கோயில் திருவிழாவோ கலை நிகழ்ச்சியோ நடத்தும் நம் அமைப்புகளும் இதைப் படித்து வைத்துக்கொள்ள வேண்டும். வேலை தேடுகிறவர்கள் பார்வையில், ஒழுங்காகப் பயிற்சி பெற்ற ஆளுக்குத் தேவை கூடும் என்றே நான் நினைக்கிறேன்.

சிசிடிவி லைசென்ஸைப் பலரும் கனவு காண்கிறார்கள். குளிரில்லை, மழையில்லை, உட்கார்ந்த இடத்தில் திரையைப் பார்த்தால் போதும் என்று. வேலை நல்லதுதான், ஆனால் முதல் லைசென்ஸாக எடுப்பதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். சிசிடிவி லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு கார்ட் வேலையோ வாசல் வேலையோ செய்ய முடியாது. கட்டுப்பாட்டு அறை இருக்கைகளோ குறைவு, அவை பெரும்பாலும் வெளியே நின்று பழகியவர்களுக்கே போகும். டோர் சூப்பர்வைசராக ஒரு வருடம் நின்றுவிட்டு இரண்டாவதாக இதை எடுங்கள், இரண்டாவது லைசென்ஸுக்குக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி உண்டு. இரண்டும் கையில் இருந்தால் பெரிய வணிக வளாகங்களில் தரையிலும் அறையிலும் மாறி மாறி வேலை தருவார்கள்.

பிரபலங்களுக்குப் பாதுகாப்பு கொடுக்கும் குளோஸ் புரொடெக்ஷன் லைசென்ஸ் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பயிற்சிச் செலவு பல மடங்கு, அனுபவம் இல்லாதவருக்கு வேலை கிடைக்காது.

இனி லைசென்ஸே வேண்டாம் என்ற வழி. ஒரு கடை தன் சொந்தச் சம்பளப் பட்டியலில் காவலாளியை வைத்துக்கொண்டால் அவருக்கு கார்ட் லைசென்ஸ் கட்டாயமில்லை. கம்பெனியிடம் ஒப்பந்தம் கொடுத்து வரும் ஆளுக்குத்தான் கட்டாயம். பப் வாசலுக்கு மட்டும் சொந்த ஊழியரானாலும் லைசென்ஸ் வேண்டும். விளையாட்டரங்கத்தில் இருக்கை காட்டும், வழி சொல்லும் ஸ்டூவர்டுக்கும் வேண்டாம், ஆனால் அவரையே பை சோதிக்கச் சொன்னாலோ ஆளை வெளியேற்றச் சொன்னாலோ கதை பெரும்பாலும் மாறிவிடும். கையில் பணமே இல்லாத மாணவருக்கு ஸ்டூவர்ட் வேலை நல்ல தொடக்கம். சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஆறேழு மணி நேரம், 20 மணி நேரக் கணக்குக்குள் அழகாக அடங்கும். சில கம்பெனிகள் நன்றாக வேலை செய்பவருக்குப் பயிற்சிச் செலவையும் ஏற்றுக்கொள்கின்றன. நடுவில் விட்டுப் போனால் அந்தப் பணத்தைப் பிடித்துக்கொள்வார்கள், கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைப் படியுங்கள். இந்த வழியின் குறை என்னவென்றால், அந்த ஒரே முதலாளியோடு கட்டுண்டு கிடக்க வேண்டும். அவர் போகச் சொன்னால் வேறெங்கும் காட்ட உங்களிடம் அட்டை இருக்காது.

பணக் கணக்கு: டோர் சூப்பர்வைசர் பயிற்சி பெரும்பாலும் 200-க்கும் 300 பவுண்டுக்கும் நடுவில் வரும். லைசென்ஸ் கட்டணத்தை 2023-இல் 184 பவுண்டாக வைத்தார்கள், விண்ணப்பிக்கும் நாளில் அரசு இணையதளத்தில் இருக்கும் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அது திரும்பி வராது. நீங்களே கட்டியிருந்தால் வருமான வரியில் கழிவு கேட்கலாம், நம்மவர்கள் பலர் இதைக் கேட்பதே இல்லை. 21 வயது நிறைந்தவர்களுக்கான குறைந்தபட்சக் கூலி 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண்டு, 2026 ஏப்ரலில் 12.71. கார்ட் வேலைகள் பெரும்பாலும் இதை ஒட்டியே இருக்கும், இரவு நேர பப், கிளப் வாசல்கள் இதைவிட மேலே கொடுக்கும். கூடுதல் பயிற்சிச் செலவு சில வார இறுதிகளில் திரும்பி வந்துவிடும்.

ஆனால் டோர் சூப்பர்வைசருக்குப் பின்னால் ஒரு செலவு காத்திருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது மறுபயிற்சியும் முடித்திருக்க வேண்டும். கார்டுக்கு அது சுருக்கமானது. டோர் சூப்பர்வைசருக்கு உடல் கட்டுப்பாட்டுப் பயிற்சியும் மறுபடி வரும். முதலுதவிச் சான்றிதழ் இரண்டுக்கும் வேண்டும். மூன்று வருடத்தில் ஒரு தடவையும் அந்தத் திறமையைப் பயன்படுத்தாதவர், புதுப்பிக்கும் நேரத்தில் கார்ட் லைசென்ஸுக்கு இறங்கிக்கொள்வதைப் பற்றி யோசிக்கலாம்.

வேலை எப்படி இருக்கும் என்பதும் முடிவில் சேர்த்தி. அலுவலகக் கட்டடத்தில் இரவு ஷிஃப்ட் என்றால் தனிமை. மணிக்கொரு தடவை ரோந்து, ஒவ்வொரு தளத்திலும் சுவரில் இருக்கும் புள்ளியில் கருவியைத் தொட்டுக் காட்ட வேண்டும், பதிவேட்டில் நேரம் எழுத வேண்டும். இரவு மூன்று மணிக்குத் தூக்கம் கண்ணைச் செருகும். நடுவில் படிக்கவும் கொஞ்சம் நேரம் கிடைக்கும், மாணவர்களுக்கு அதனால்தான் இது பிடிக்கும். பப் வாசல் நேர்மாறு. 25 வயதுக்குக் குறைவாகத் தெரியும் ஒவ்வொருவரிடமும் அடையாள அட்டை கேட்க வேண்டும். அட்டையின் விளிம்பை விரலால் தடவி, புகைப்படத்தையும் முகத்தையும் பார்த்து, பிறந்த தேதியைக் கேட்டால், போலி அட்டைக்காரன் பெரும்பாலும் தடுமாறிவிடுவான். குடித்தவர்களின் வசவு, இனத்தைச் சொல்லித் திட்டுவது எல்லாம் உண்டு, அதை மறைத்துப் பேசக் கூடாது.

வீடு திரும்பும் வழியையும் முதலிலேயே பாருங்கள். இரவு முழுதும் ஓடும் பாதாள ரயிலான நைட் ட்யூப் வெள்ளி, சனி இரவுகளில் மட்டும், அதுவும் சென்ட்ரல், ஜூபிலி, நார்தர்ன், பிக்கடிலி, விக்டோரியா என்ற ஐந்து தடங்களில் மட்டும். தெற்கு லண்டன் டூட்டிங்கில் இருப்பவருக்கு நார்தர்ன் லைன் இருக்கிறது. கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாம் போகும் டிஸ்ட்ரிக்ட் லைனில் அந்தச் சேவை இல்லை, அதிகாலை மூன்று மணிக்கு இரவுப் பஸ்தான்.

பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பெண்ணைப் பெண்தான் உடல் சோதனை செய்ய வேண்டும் என்பது துறையின் நடைமுறை. அதனால் இசை நிகழ்ச்சி, மாநாடு, கிளப் எல்லாவற்றுக்கும் பெண் டோர் சூப்பர்வைசர்கள் தேவை, கிடைப்பதோ குறைவு. 'இது ஆம்பிளைங்க வேலை' என்று வீட்டில் சொன்னால் இந்த நிலவரத்தை எடுத்துச் சொல்லுங்கள். பகல் நேர நிகழ்ச்சிகளாகப் பார்த்து எடுக்கும் வசதியும் இதனால் பெண்களுக்கே அதிகம்.

ஆவணங்களில் எல்லோரும் மாட்டுவது ஒரே இடத்தில். கடந்த ஐந்து ஆண்டில் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ பிரிட்டனுக்கு வெளியே வசித்திருந்தால் அந்த நாட்டுக் காவல்துறையின் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பார்கள். புதிதாக வந்த மாணவர் எல்லோருக்கும் இது பொருந்தும். கிளம்பும் முன்பே, இந்தியாவில் பாஸ்போர்ட் சேவை மையம் வழியாகவும் இலங்கையில் பொலிஸ் தலைமையகம் வழியாகவும் வாங்கி வந்துவிட்டால் இங்கே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். நடுவில் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்திருந்தால் அங்கிருந்தும் வேண்டும். அகதி நிலை பெற்றவர்கள் தம் நாட்டுத் தூதரகத்தைத் தொடர்பு கொள்ளும் முன் எஸ்.ஐ.ஏ.விடம் என்ன வழி என்று கேளுங்கள். ஐந்து வருட முகவரிகளையும் இடைவெளி இல்லாமல் கொடுக்க வேண்டும், தங்கிய அறைகளின் ஒப்பந்தங்களைத் தூக்கி எறியாதீர்கள்.

பயிற்சி மையத்தை எஸ்.ஐ.ஏ. இணையதளத்தில் இருக்கும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுங்கள். "ஒன்றரை நாள் வந்தால் போதும், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள். பிடிபட்டால் சான்றிதழ் செல்லாது, லைசென்ஸும் போகும். வகுப்பு எத்தனை நாள், முதலுதவி சேர்த்தியா, தேர்வில் தவறினால் மறுதேர்வுக்கு எவ்வளவு என்ற மூன்று கேள்விகளையும் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகு முன்பணம் கொடுங்கள்.